பின்பக்கச் சஸ்பென்ஷன் சத்தமும் கடைசல் புஷ்களும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மோட்டார் சைக்கிள் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பின்பக்கத்திலிருந்து ‘டொக்’ என்று சத்தம் வந்தால், அது எந்த மூட்டில் எழுகிறது என்று உறுதி செய்யாமலேயே புதிய புஷ் (மூட்டுக்குள் இருக்கும் குழாய் வடிவ உறை) கடைந்து வாங்க லேத் பட்டறைக்குப் போவதுதான் முதல் தவறு. தளர்ந்த செயின் ஸ்விங் ஆர்மில் (பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கையில்) அடிப்பதும், ஷாக் அப்சார்பர் நட்டு கழன்றிருப்பதும் அதே சத்தத்தைத் தரும். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைத் தூக்கும்போது, ஷாக் அப்சார்பர் அமுங்கத் தொடங்கும் முன்பே வெற்று ஆட்டம் தெரிந்தால் அதன் மேல், கீழ் புஷ்களைச் சந்தேகிக்க வேண்டும். ஸ்விங் ஆர்மின் பக்கவாட்டு ஆட்டத்தைச் சோதிப்பவர்கள் சக்கரத்தைப் பிடித்து ஆட்டுகிறார்கள். வீல் பேரிங் தேய்ந்திருந்தாலும் சக்கரம் ஆடும் என்பதால், ஸ்விங் ஆர்மையே பிடித்து ஆட்டிப் பார்ப்பதுதான் சரி.

ஸ்விங் ஆர்ம் புஷ்தான் தேய்ந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு, பெரும்பாலோர் கவனம் செலுத்தாத அளவு உள் ஸ்லீவின் (புஷ்ஷுக்குள் இருக்கும், போல்ட் நுழையும் குழாயின்) நீளம். உலோகப் புஷ்ஷும் ஸ்லீவும் உள்ள அமைப்பில், ஸ்விங் ஆர்மை ஃபிரேமில் பிடிக்கும் போல்ட்டை முறுக்கும்போது ஃபிரேமின் இரு பக்கங்களும் ஸ்லீவை இறுகப் பிடித்துக்கொள்ள, புஷ் அந்த அசையாத ஸ்லீவின் மேல்தான் திரும்புகிறது. ஆகவே இரு புஷ்களின் வெளிமுகங்களுக்கு இடையே உள்ள தூரத்தைவிட ஸ்லீவ் மயிரிழை அளவாவது நீளமாக இருக்க வேண்டும். குட்டையாகக் கடைந்துவிட்டால் போல்ட் ஸ்விங் ஆர்மையே நெருக்கிப் பிடிக்கும். வண்டி விறைப்பாக ஓடுகிறதே என்று போல்ட்டைத் தளர்த்தி விட்டால், போன சத்தம் திரும்பி வருவதோடு போல்ட்டும் அரைபடும். அளவுக்கு மீறி நீளமானாலோ பக்கவாட்டு ஆட்டம் அப்படியே நிற்கும். நான் ஒரே ஓர் அளவை மட்டும் இருமுறை சரிபார்க்கச் சொல்வதானால், இதைத்தான் சொல்வேன்.

சாதாரண வெர்னியர் அளவுகோல் 0.02 மி.மீ. வரைதான் காட்டும், புஷ்ஷுக்கும் ஸ்லீவுக்கும் இடையே தேவைப்படும் இடைவெளியோ பெரும்பாலும் 0.03 முதல் 0.05 மி.மீ. வரைதான் என்பதால், இங்கே அதைவிட நுட்பமாக அளக்கும் மைக்ரோமீட்டர் இல்லாமல் வேலை செய்யக் கூடாது. கன்மெட்டல் (ஒருவகை வெண்கலம்) புஷ்ஷை ஸ்விங் ஆர்முக்குள் அழுத்திய பிறகு அதன் உள் விட்டம் சற்றுச் சுருங்கும் என்பதையும் மறக்கக் கூடாது. உள்துளையைக் கொஞ்சம் சிறிதாக விட்டு, இரு புஷ்களையும் பொருத்திய பின், இரண்டின் வழியாகவும் ஒரே நேர்கோட்டில் ரீமர் (துளையைத் துல்லிய அளவுக்குச் சீவும் கருவி) ஓட்டி இறுதி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றினால் புஷ்ஷின் விளிம்பு மடியும். நீளமான போல்ட்டும் கனமான வாஷர்களும் கொண்டு இழுத்து ஏற்றுவது பாதுகாப்பானது. பழைய ஸ்லீவ் தேய்ந்து அதில் படி விழுந்திருந்தால் அதையும் மாற்றியே ஆக வேண்டும்.

ஷாக் அப்சார்பரின் ரப்பர் புஷ்ஷுக்குப் பதிலாகக் கடைந்த உலோகப் புஷ் போடுவது நல்ல யோசனை போலத் தோன்றும், ஆனால் ஆபத்தானது. சக்கரம் ஏறி இறங்கும்போது ஏற்படும் சிறு கோணல்களை அந்த ரப்பர் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. அது இல்லாவிட்டால் பக்கவாட்டு விசை ஷாக் அப்சார்பரின் தண்டுக்குப் போய், ஆயில் சீல் தேய்ந்து எண்ணெய் கசியத் தொடங்கும்.

ஸ்விங் ஆர்ம் போல்ட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் சாதாரண இரும்புக் கம்பியில் கடையக் கூடாது. படி வைத்துக் கடைந்த கூர்மையான மூலையிலிருந்தே விரிசல் தொடங்கும்; இந்த இடத்தில் போல்ட் முறிந்தால் பின்சக்கரம் ஓட்டத்தின் நடுவே திசைமாறும். வண்டி நிறுவனத்தின் போல்ட்டையோ, தலையில் 8.8 அல்லது அதற்கு மேற்பட்ட தர முத்திரை உள்ள, அதே நீளமும் மரையற்ற பகுதியும் கொண்ட போல்ட்டையோ போட வேண்டும்.

பொருத்தி முடித்ததும், ஷாக் அப்சார்பரை மாட்டும் முன், போல்ட்டைக் குறிப்பிட்ட முறுக்கு விசைக்கு இறுக்கிவிட்டு ஸ்விங் ஆர்மைத் தூக்கி விட்டுப் பார்க்கலாம். அது தன் எடையாலேயே, பிடிப்பின்றி இறங்க வேண்டும். பக்கவாட்டில் அசைத்தால் கைக்கு ஆட்டம் தெரியக் கூடாது. நடுவில் நின்றுவிட்டால் ஸ்லீவின் நீளத்தையும், புஷ்கள் நேர்கோட்டில் இருக்கின்றனவா என்பதையும் மீண்டும் அளக்க வேண்டும்.