சீசன் இல்லாத நாளில் லாட்ஜ் நட்டத்தைக் குறைக்க ஒரு செலவுக் கணக்கு

புதுச்சேரியில் சீசனை மாதமாகப் பார்ப்பதைவிடக் கிழமையாகப் பார்க்கலாம். சனி, ஞாயிறு சென்னை, பெங்களூரு கார்கள் வந்து அறைகள் நிரம்பிவிடும். செவ்வாய்க்கிழமை சாவிகள் பலகையிலேயே தொங்கும். அதனால் வார நாள், வார இறுதி இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு வையுங்கள். கூகுள் ஷீட்ஸ் போதும். லாட்ஜ் மென்பொருள்களின் ரிப்போர்ட் பெரும்பாலும் வரவை மட்டும் அழகாகக் காட்டும். எனக்கு அது ஆகாது.

முதலில் செலவைப் பிரியுங்கள். கட்டட வாடகை, கடன் வட்டி, மாதச் சம்பளம் ஆகியவை ஆள் வந்தாலும் வராவிட்டாலும் உண்டு. லாண்டரி, சோப்பு, காலை டிபன், புக்கிங் தளத்தின் கமிஷன் ஆகியவை ஆள் வந்தால்தான்.

கரண்ட் பில்தான் சிக்கல். அது இரண்டிலும் கால் வைத்திருக்கும். அறைகள் அதிகம் போன ஒரு மாதம், குறைவாகப் போன ஒரு மாதம் என இரண்டு பில்களை எடுங்கள். ஒரு அறை ஒரு நாள் போனால் ஒன்று என்று எண்ணுங்கள். உதாரணத்துக்கு, டிசம்பரில் 240 அறை வாடகைக்குப் போய் பில் ₹48,000. நவம்பரில் 90 அறை போய் ₹25,500. வித்தியாசம் 150 அறைக்கு ₹22,500, அதாவது அறைக்கு ஒரு நாளைக்கு ₹150. மீதி ₹12,000 லாட்ஜ் காலியாகக் கிடந்தாலும் கட்ட வேண்டியது.

மே மாதத்தையும் நவம்பரையும் ஒப்பிடாதீர்கள். மே வெயிலில் ஏசி ஓடுவதே வேறு, கணக்கு கோணிவிடும். ஒரே மாதிரி வெயில் உள்ள மாதங்களாக எடுங்கள். 2024 நவம்பர், டிசம்பர் பில்களும் வேண்டாம். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30-ல் இங்கேதான் கரை கடந்தது.

அப்புறம் அடிமட்ட வாடகை, அதாவது இதற்குக் கீழே இறங்கினால் ஆள் வந்ததற்கான செலவே கையைக் கடிக்கும் என்ற விலை. லாண்டரி ₹120, டிபன் ₹140, சோப்பு, தண்ணீர் ₹40, கரண்ட் ₹150, ஆக ₹450. கமிஷன் வரியோடு 18% என்றால், 450-ஐ 0.82-ஆல் வகுக்க வேண்டும்: ₹549. 450-க்கு மேல் 18% சேர்த்து ₹531 என்று போட்டால் ஒவ்வொரு அறைக்கும் கையிலிருந்து சுமார் ₹15 போகும், ஏனென்றால் கமிஷன் வாடகை முழுவதற்கும் பிடிக்கப்படுகிறது. நேரில் வருபவருக்கு இந்தக் கமிஷன் இல்லை, அதனால் செவ்வாய்க்கிழமை கவுன்ட்டரில் பேரம் பேசினால் தாராளமாக இறங்கலாம். ₹900-க்கு ஆன்லைனில் போனால் ₹288 மிஞ்சும். அது வாடகைக்கும் சம்பளத்துக்கும் உதவும். காலி அறை எதுவும் தராது. ஆனால் இந்த விலையை வெள்ளிக்கிழமை மாலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

வார நாளில் வருபவர்களை ஒரே மாடியில் தங்க வைத்தால் மற்ற மாடியின் வராந்தா விளக்கும் தினக்கூலி ஆளும் மிச்சம். வாட்ச்மேன் சம்பளம் குறையாது, அதைச் சேமிப்பில் எழுதாதீர்கள்.

இன்னும் இரண்டு விஷயம் சேர்க்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை ₹7,500 வரை உள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5%, ஆனால் உள்ளீட்டு வரி வரவு (நீங்கள் வாங்கும் பொருளுக்குக் கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்வது) கிடையாது. அதனால் சோப்பு, லாண்டரி பில்களை வரியோடு சேர்த்தே செலவில் போடுங்கள். இன்னொன்று, கடலூர் கடற்கரையில் தேவனாம்பட்டினம் பக்கம் லாட்ஜ் நடத்துபவர் சொன்னது: பூட்டிய மாடியில் மெத்தை பூஞ்சை பிடித்துவிட்டதாம். உப்புக் காற்று ஏசியையும் விடாது. வாரம் ஒரு முறை ஜன்னலைத் திறந்து காற்றாட விட்டு, பிறகு மூடிவிட்டு ஏசியை அரை மணி நேரம் ஓட்டுங்கள், அந்தச் செலவையும் மாடியைப் பூட்டியதன் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள்.