மலை ஏரியில் டீசல் படகு திணறுகிறதா? புரொப்பல்லர் பிட்சைப் பாருங்கள்

கடலில் நன்றாக ஓடிய டீசல் படகை ஊட்டிக்கு ஏற்றி வந்தால், முழு த்ராட்டில் கொடுத்தும் இன்ஜின் திணறும், பின்னால் கரும்புகை தள்ளும். உடனே டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கழற்றாதீர்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத இன்ஜினுக்கு அந்த அளவு சக்தியும் குறையும்.

முதலில் புரொப்பல்லரில் சுற்றிய பாசி, அடைத்த ஏர் ஃபில்டர் இரண்டையும் சுத்தம் செய்யுங்கள். அப்புறம் வழக்கமான ஆட்களை ஏற்றி, முழு த்ராட்டிலில் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) பாருங்கள். கம்பெனி சொன்னது 3,000, உங்களுக்கு வருவது 2,700 என்றால் இந்த உயரத்துக்குப் பிட்ச், அதாவது புரொப்பல்லர் ஒரு சுற்றில் முன்னேறும் தூரம், அதிகம்; குறைந்த சக்தியால் அதை முழு வேகத்தில் சுற்ற முடியவில்லை. புரொப்பல்லரின் நடுக்குமிழைத் துணியால் துடைத்தால் 15 × 10 என்பதுபோல் பொறித்திருக்கும்: விட்டம் 15 அங்குலம், பிட்ச் 10. வழுக்கல் இல்லாவிட்டால் ஒரு சுற்றுக்கு 10 அங்குலம் முன்னேறும் என்று அர்த்தம். பிட்ச் ஓர் அங்குலம் குறைந்த புரொப்பல்லரை மாட்டினால் நிமிடத்துக்குச் சுமார் 200 சுற்று ஏறும். நான் ஒன்று குறைத்து, ஓட்டிப் பார்த்துத்தான் அடுத்ததற்குப் போவேன்.

இதழ்களை நீங்களே சுத்தியலால் தட்டி வளைக்க வேண்டவே வேண்டாம். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால் அதிர்வில் ஷாஃப்ட் பேரிங் போய்விடும். பழைய புரொப்பல்லரையும் பத்திரமாக வையுங்கள். படகு கடலுக்குத் திரும்பும்போது அதையே மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜின் அளவுக்கு மீறிச் சுற்றும்.