இரவு எட்டரை மணி டோக்கன்: தனியாகத் தொழில் செய்யும் வீட்டுத் தரகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மடிப்பாக்கம் கூட்டு ரோட்டில் ஒரு டீக்கடை வாசலில், தொழிலுக்கு வந்து எட்டு மாதமே ஆன ஒரு தம்பியைச் சென்ற மாதம் பார்த்தேன். வண்டியின் இருக்கையில் ஏழெட்டுச் சாவிக்கொத்துகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, எது எந்த வீட்டுச் சாவி என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் மூன்று அழைப்புகள் வந்தன. முதல் அழைப்பில் வாடகையில் ஆயிரம் ரூபாய் குறைத்துத் தருவதாக ஒப்புக்கொண்டார். இரண்டாவதில் ஐந்து மணிக்கு நங்கநல்லூருக்கு வருவதாகச் சொன்னார். மூன்றாவதில் அதே ஐந்து மணிக்கு வேளச்சேரிக்கு வருவதாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினேழு ஆண்டுகளுக்கு முன்னால் என் வண்டி இருக்கையும் இப்படித்தான் இருந்தது.

மாதச் சம்பளக்காரருக்கு எங்கே போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும், எவ்வளவு குறைக்கலாம் என்பதை மேலே ஒருவர் சொல்லிவிடுகிறார். தனியாகத் தரகு செய்பவருக்கு அப்படி யாரும் இல்லை. எந்தப் பார்ட்டியை முதலில் அழைப்பது என்பதிலிருந்து, சாவியைக் காவலாளியிடம் விடலாமா என்பது வரை ஒரு நாளில் நூறு முடிவுகளை அவரே எடுக்க வேண்டியிருக்கிறது. உடம்புக் களைப்பு தெரிந்துவிடும், உட்கார்ந்துவிடுவோம். இப்படி முடிவெடுத்து முடிவெடுத்து வரும் களைப்போ வெளியே தெரிவதில்லை. அன்றைய கடைசி முடிவில்தான் அது வெளிப்படுகிறது. வேளைக்குச் சாப்பிடுங்கள், டைரி வைத்துக்கொள்ளுங்கள், சாவிக்குச் சீட்டுக் கட்டுங்கள் என்பனவற்றை எழுதி உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. அவை அந்தத் தம்பிக்கும் தெரியும்.

எல்லா விசாரிப்புக்கும் "வாங்க, பார்க்கலாம்" என்பது

வாடகைக்கு வீடு கேட்டு வரும் ஒவ்வோர் அழைப்பையும் தனியாக எடைபோட்டால் மதியத்துக்குள் மூளை கசங்கிவிடும். நான் ஐந்து கேள்விகளை ஓர் அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன்: எத்தனை வண்டி, எத்தனை பேர், எந்தத் தேதியில் குடிவர வேண்டும், வாடகையும் அட்வான்சும் எதுவரை முடியும், எங்கே வேலை. அதே போல வீட்டுக்காரரிடமும் சைவமா அசைவமா, பேச்சிலருக்குக் கொடுப்பாரா, நாய் வளர்க்கலாமா என்று முதல் சந்திப்பிலேயே கேட்டு எழுதிக்கொண்டுவிடுகிறேன். இரண்டும் பொருந்தாவிட்டால் நான் வண்டியை எடுப்பதில்லை. சில நிபந்தனைகள் எனக்கே பிடிக்காதவைதான். ஆனாலும் அவற்றை வாடகைக்காரரை மூன்றாம் மாடி வரை ஏற்றிய பிறகு தெரிந்துகொள்வதைவிட, ஏற்றுவதற்கு முன் தெரிந்துகொள்வது இருவருக்கும் மரியாதை.

அட்வான்ஸ் பேச்சிலும் இதே சிக்கல்தான். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையை அளவாகச் சொல்கிறது. பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் பழைய சென்னை வழக்கமோ இன்னும் முழுதாக மறையவில்லை. வீட்டுக்காரர் எந்த எண்ணில் நிற்பார் என்பதை வீட்டை என் பட்டியலில் சேர்க்கும் நாளிலேயே முடித்துவிட வேண்டும். வாடகைக்காரர் எதிரே நிற்கும்போது நடுவில் நின்று பஞ்சாயத்துப் பேசக் கூடாது.

ஒரே நாளில் ஏழு வீடு காட்டுவது

மூன்றுக்கு மேல் வேண்டாம். நான்காவது வீட்டில் பார்ட்டிக்கு முதல் வீட்டின் சமையலறை மறந்துவிடுகிறது. ஏழாவது வீட்டில் கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, "யோசிச்சுச் சொல்றோம்" என்கிறார்கள். களைப்பு நமக்கு மட்டுமா வருகிறது?

பெரிய முடிவை இரவுக்குத் தள்ளுவது

இந்தத் தவற்றைப் பற்றி எழுதும்போது இப்போதும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் இதை நான் தெரியாமல் செய்யவில்லை.

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை. காலையிலிருந்து ஆதம்பாக்கத்தில் இரண்டு வாடகைப் பார்ட்டிகள், நடுவில் ஒரு வீட்டுக்காரரின் பெயின்டர் தகராறு, பிறகு பள்ளிக்கரணையில் ஒரு மனை, அங்கே எல்லைக்கல் எங்கே என்று அரைமணி நேர வாக்குவாதம். இரவு எட்டரை மணிக்குக் கீழ்க்கட்டளையில் 72 லட்ச ரூபாய்க்குப் பேசி முடித்திருந்த ஒரு மறுவிற்பனைப் பிளாட்டின் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். வாங்குபவர் கைபேசியில் வங்கிச் செயலியைத் திறந்து வைத்திருந்தார். விற்பவர், "அண்ணே, நான் காலைல ஃப்ளைட் ஏறணும், டோக்கனை இப்பவே போட்டுடச் சொல்லுங்க" என்றார். டோக்கன் என்பது, விலை பேசி முடித்ததற்கு அடையாளமாக வாங்குபவர் தரும் முன்பணம்.

என் பையில் இருந்த வில்லங்கச் சான்று, அதாவது சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் சான்று, எழுபது நாள் பழையது. மூலப்பத்திரத்தின் நகல்தான் கண்ணில் பட்டிருந்தது. அசல் லாக்கரில் இருப்பதாக விற்பவர் சொல்லியிருந்தார். பதிவுத் துறையின் இணையதளத்தில் கட்டணமின்றி வில்லங்கம் பார்த்துக்கொள்ளலாம் என்பதும், அசலைப் பார்க்காமல் டோக்கன் போடக் கூடாது என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். புதியவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் சார்பதிவாளர் அலுவலகத்தைத் தேர்ந்தெடுத்து, சர்வே எண்ணையும் உட்பிரிவையும் அடித்து, அதில் ஏதாவது வந்தால் இரு தரப்புக்கும் விளக்கம் சொல்லி, வீட்டுக்குப் போகப் பத்தரை ஆகிவிடுமே என்று மனம் கணக்குப் போட்டது. "போட்டுடுங்க சார்" என்று சொல்லிவிட்டேன். இரண்டு லட்ச ரூபாய் போனது.

பத்து நாள் கழித்து வாங்குபவரின் வங்கி வழக்கறிஞர் எடுத்த புதிய வில்லங்கத்தில், "உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு" என்று ஒரு பதிவு இருந்தது. நான் பையில் வைத்திருந்த சான்றுக்குப் பிறகான அந்த எழுபது நாளுக்குள், விற்பவர் தம் தம்பியின் வியாபாரத்துக்காகப் பத்திரத்தை வேறொரு வங்கியில் வைத்துக் கடன் வாங்கியிருந்தார். கடன் இருப்பது மட்டுமே ஒரு விற்பனையைக் கெடுத்துவிடாது; கடனைக் கட்டி, கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் பதிந்து, பத்திரத்தை மீட்டு விற்பது அன்றாடம் நடப்பதுதான். ஆனால் மறைத்தார் என்று தெரிந்ததும் வாங்குபவர் பின்வாங்கினார். பின்வாங்கியதால் டோக்கன் திரும்பாது என்று விற்பவர் நின்றார். நான்கு மாதம் இருவருக்கும் நடுவில் நான் நடந்தேன். கடைசியில் விற்பவர் 1,20,000 ரூபாய் தந்தார். மிச்சம் 80,000 ரூபாயை என் கையிலிருந்து கொடுத்தேன். இரண்டு சதவீதக் கமிஷனான 1,44,000 ரூபாய் வராமல் போனது ஒரு பக்கம், அந்த வாங்குபவரின் அலுவலக நண்பர்கள் மூலம் வரவேண்டிய விசாரிப்புகள் அத்தோடு நின்றுபோனது மறுபக்கம்.

இதைக் கேட்கும் புதியவர்கள், "சட்ட விவரம் இன்னும் படிக்கணும் போல" என்கிறார்கள். இல்லை, தம்பி. விவரம் என்னிடம் இருந்தது; அதைப் பயன்படுத்தும் தெம்புதான் அன்று காலையிலிருந்து சில்லறையாகச் செலவாகித் தீர்ந்திருந்தது. பெயின்டருக்கு எந்த நிறம் என்று நான் சொல்லியிருக்க வேண்டியதே இல்லை.

முடிவெடுத்து வரும் களைப்பு பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இஸ்ரேலின் பரோல் வழக்குகளை வைத்து 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு, உணவு இடைவேளைக்குப் பின் சுமார் 65 சதவீதமாக இருந்த சாதகமான தீர்ப்புகள், அமர்வு நீள நீளப் பூஜ்யத்தை ஒட்டி இறங்கின என்றது. வழக்குகள் அடுக்கப்பட்ட வரிசையே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று அந்த ஆண்டே மறுப்பு வந்தது. மன உறுதி செலவாகித் தீர்கிறது என்ற கருத்தை 2016இல் இருபத்துமூன்று ஆய்வகங்கள் சேர்ந்து சோதித்தபோது, சொல்லும்படியான விளைவு எதுவும் தெரியவில்லை. நான் என் கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். பின்னால் வருந்திய ஐந்து டோக்கன்களில் நான்கு, மாலை ஏழு மணிக்கு மேல் போட்டவை. பார்ட்டிகள் அலுவலகம் முடிந்து வருவதால் பெரும்பாலான டோக்கன்கள் அந்த நேரத்தில்தான் விழுகின்றன என்று ஓர் ஆய்வாளர் என்னை மடக்கலாம், மடக்கட்டும். 80,000 ரூபாய் கொடுத்தவன் நான்.

அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட ஏற்பாடு இதுதான். டோக்கன் காலையில் மட்டும். அன்று காலையே புதிய வில்லங்கம், அசல் பத்திரம் கண்ணெதிரே, பணம் வங்கி வழியாக மட்டும். வீடு, மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமும் தடுக்கிறது. இரவில் யாராவது அவசரப்படுத்தினால் நான் காரணம் விளக்குவதில்லை, ஏனென்றால் விளக்கம் என்று தொடங்கினால் பேரம் தொடங்கிவிடும். "இப்ப நேரம் சரியில்ல சார், காலைல நல்ல நேரத்துல வச்சுக்கலாம்" என்று மட்டும் சொல்கிறேன். எனக்கு இராகு காலத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை பணம் கொடுக்காத ஊரில், பஞ்சாங்கத்தை எதிர்த்துப் பேசும் பார்ட்டியை நான் இதுவரை கண்டதில்லை. முன்னோர் எதற்காக வகுத்தார்களோ தெரியாது, அது பாதி நேரத்தை நமக்காக அடைத்துவைத்திருக்கிறது. காலை வரை காத்திருக்க முடியாது என்று ஒருவர் பிடிவாதமாக நின்றால், அவருடைய வில்லங்கத்தை இரண்டு முறை பார்க்கிறேன்.

கமிஷனை ஆளுக்கொன்றாகப் பேசுவது

விற்பனைக்கு இரண்டு சதவீதம், வாடகைக்கு ஒரு மாதம் என்று உங்கள் அளவு எதுவாக இருந்தாலும், அதை முதல் நாளே வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பிவிடுங்கள். அனுப்பாதவர்கள் பத்திரப் பதிவு அன்று சார்பதிவாளர் அலுவலக வாசலில், கையில் டோக்கன் எண்ணுடன், "ஒன்றரையில முடிச்சுக்கலாமே" என்ற பேச்சுக்குப் பதில் தேட வேண்டியிருக்கும். நானும் அங்கே நின்றிருக்கிறேன்; வாங்குபவருக்கு இறங்கியது விற்பவர் காதில் விழுந்து, அவருக்கும் இறங்கினேன். குறைப்பது என்றால் யாருக்கு, எதற்கு என்பதையும் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். என்னிடம் இரண்டாவது முறை வருபவருக்கு மட்டும் கால் சதவீதம் குறையும். மற்ற யாருக்கும், என் மைத்துனர் உட்பட, குறையாது.

வாஸ்து

வாங்குபவரின் வாஸ்துக்காரர் சொன்னதே முடிவு. நீங்கள் கருத்துச் சொல்லாதீர்கள்.

பதிவு எண் இல்லாத மனைப்பிரிவு

500 சதுர மீட்டரையோ எட்டு வீட்டையோ தாண்டிய புதுத் திட்டத்துக்கு ரெரா (மனை, வீட்டுத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) பதிவு எண் இல்லையென்றால், போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று கிளம்பவே வேண்டாம்.

கணக்கை வாயால் சொல்வது

"பத்திரச் செலவு எவ்வளவு ஆகும்?" என்ற கேள்வி ஒரு நாளைக்குப் பத்து முறை வரும். ஒவ்வொரு முறையும் மனக்கணக்குப் போட்டு, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறு எண்ணைச் சொல்வதில் பயன் இல்லை. விற்பனைப் பத்திரத்துக்கு 2023 ஏப்ரலிலிருந்து 7 சதவீத முத்திரைத்தாள் செலவும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் ஆகின்றன. விலை, அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன் மேல். 40 லட்சத்திலிருந்து ஒன்றரைக் கோடி வரை ஐந்து ஐந்து லட்சமாக ஏற்றி ஓர் அட்டவணை செய்து, ஐம்பது லட்சம் தொட்டால் வாங்குபவர் விலையில் ஒரு சதவீதத்தை டி.டி.எஸ். ஆக, அதாவது விற்பவரின் வருமான வரிக்காக, பிடித்துக் கட்ட வேண்டும் என்ற குறிப்பையும் அதன் அடியில் சேர்த்துப் படமாக வைத்திருக்கிறேன். கேட்டவுடன் அனுப்பிவிடுவேன்.

பார்ட்டியின் முடிவையும் நீங்களே எடுப்பது

"நீங்களே சொல்லுங்க சார், வாங்கலாமா?" என்று ஒருவர் கேட்டால் பெருமையாகத்தான் இருக்கும். குரோம்பேட்டையில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு அப்படி ஒருமுறை, "தைரியமா வாங்குங்கம்மா" என்று சொன்னேன். வீட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்த அறைக்கு ஏ.சி. போடலாம், மாடிப்படிக்குக் கம்பி வைக்கலாமா, வேலைக்காரம்மாவுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பது வரை இரண்டு ஆண்டுகள் அவர் என்னையே கேட்டார். அன்பான மனிதர், மறுக்க முடியவில்லை. இப்போது அந்தக் கேள்வி வந்தால், சாதகம் பாதகம் இரண்டையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, "வீட்டுல உட்கார்ந்து பேசிட்டு நாளைக்குச் சொல்லுங்க" என்கிறேன். மறுநாள் வரை அவர்களை நானாக அழைப்பதும் இல்லை.

விதிகளை வாரம் ஒருமுறை மாற்றுவது

விதி வைத்துக்கொள்பவர்களுக்கு வரும் நோய் இது. ஒரு பார்ட்டி கைவிட்டுப் போனதும், மூன்று வீடு என்பதை ஐந்தாக்கலாமா, காலை டோக்கன் என்பதை மாலை ஆறு வரை தளர்த்தலாமா என்று தோன்றும். தோன்றிய அன்றே மாற்றினால் அதுவும் களைப்பில் எடுத்த முடிவுதான். நம் தொழிலில் ஆடியும் மார்கழியும் எப்படியும் மந்தம். யாரும் குடிபோவதில்லை, டோக்கனும் அரிது. நான் ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை உட்கார்ந்து, அட்டையை எடுத்து வைத்து, ஆண்டு முழுவதும் ஓரத்தில் குறித்தவற்றைப் பார்த்துத் திருத்துகிறேன். போன ஆடியில் ஒன்றுதான் மாற்றினேன்: வாடகைக் கேள்விகள் ஐந்தில் நான்காவதாக இருந்த "எத்தனை வண்டி" முதலிடத்துக்கு வந்தது.