பெரிய ஊருக்குப் படிக்கப் போகிறீர்களா? முதல் ஆறு வாரத்தில் இதையெல்லாம் செய்துவிடுங்கள்

புதிதாக ஒரு பல்கலைக்கழக நகரத்துக்குப் போகும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். தெருவுக்குத் தெரு கச்சேரி, விவாதம், திரையிடல் என்று நள்ளிரவிலும் ஆள் நடமாட்டம் குறையாத ஊர் என்றதும், படிப்பு கெட்டுவிடும் என்று வீட்டில் பயப்படுவார்கள். நான் பார்த்தவரை, ஊரை நன்றாக அனுபவித்தவர்கள் படிப்பையும் நன்றாகவே முடித்தார்கள். தங்கள் வாரத்தைத் தாங்களே தீர்மானிக்காமல், அறைத்தோழர்களும் வாட்ஸ்அப் குழுவும் இழுத்த பக்கமெல்லாம் போனவர்கள்தான் தடுமாறினார்கள்.

முதலில் அறை. அறையைப் பகலில் ஒரு முறை பாருங்கள், அப்புறம் இரவு பத்து மணிக்கு மேல் கட்டாயம் இன்னொரு முறை போய்ப் பாருங்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பார்த்து, ஆகா எவ்வளவு அமைதி என்று உடனே முன்பணம் கொடுத்துவிட்டேன். கீழ்த்தளத்தில் இருந்த கடை இரவில்தான் களைகட்டும் என்று யாரும் சொல்லவில்லை. மேஜையில் வைத்த டம்ளர் தண்ணீரில் அங்கே போடும் பாட்டின் ஒவ்வொரு தாளத்துக்கும் வட்டம் வட்டமாக அலை எழும், அதைப் பார்த்துக்கொண்டே விடியற்காலை இரண்டு மணி வரை படுத்திருப்பேன். மூன்று மாதத்தில் காலி செய்தபோது, நான் வருவதற்கு முன்பே சுவரில் இருந்த ஈரக் கறையைக் காட்டி முன்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. அதனால் சொல்கிறேன், சாவி கைக்கு வந்த அன்றே, பெட்டியைத் திறப்பதற்கு முன், சுவர், தரை, குழாய், ஜன்னல், மெத்தையின் அடிப்பக்கம் எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டு உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். தேதியோடு அது அவர் கையிலும் இருக்கும், உங்கள் கையிலும் இருக்கும்.

வாடகைச் சண்டை நமக்கு மட்டும் வந்ததில்லை. கேம்பிரிட்ஜில் மாணவர்களிடம் அளவுக்கு மீறி வாடகை வாங்குகிறார்கள் என்று 1231-லேயே இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஹென்றி தலையிட்டு, ஆசிரியர்கள் இரண்டு பேரும் நகரத்தார் இரண்டு பேரும் சேர்ந்து வாடகையை நிர்ணயிக்க வேண்டும் என்று உத்தரவு போட வேண்டியிருந்தது. அதனால் ஒப்பந்தத்தில் ஒரு வரி புரியவில்லை என்றால் கேட்கக் கூச்சப்படாதீர்கள். மாணவர் சங்கத்தில் அதைப் படித்துப் பார்த்துச் சொல்ல ஆள் இருந்தால், கையெழுத்துக்கு முன் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

வாடகை குறைவு என்று தூரமாகப் போகிறவர்கள் ஒரு கணக்கையும் போட வேண்டும். போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம், வாரம் ஐந்து நாள் என்றால் 400 நிமிடம், அதாவது கிட்டத்தட்ட ஏழு மணி நேரம். நடந்து போகும் தூரத்தில் கொஞ்சம் சின்ன அறை கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.

சரி, அறை ஆயிற்று. இப்போது ஒரு தாளில் ஏழு கட்டம் போட்டு, வகுப்பு நேரத்தை நிரப்பிய கையோடு, ஊருக்கென்று இரண்டு மாலைகளை ஒதுக்குங்கள். இதைப் படிப்பு நேரத்துக்கு முன்பே எழுதச் சொல்கிறேன். ஏனென்றால் எந்த நாள் போகப்போகிறோம் என்று தெரிந்திருந்தால், மற்ற நாட்களில் யாராவது கதவைத் தட்டும்போது "வியாழக்கிழமை வருகிறேன்" என்று சொல்ல முடியும். வெறுமனே "வரவில்லை" என்று சொல்வதைவிட இது எவ்வளவோ எளிது, நட்பும் கெடாது.

படிப்புக்குக் காலை நேரம்தான் நல்லது. இப்படிப்பட்ட ஊர்கள் இரவில் விழித்துக் காலையில் தூங்கும், நூலகத்தில் ஜன்னலோர இருக்கை அப்போதுதான் கிடைக்கும். படிக்கும்போது குறிப்பைத் திரும்பத் திரும்ப வாசிக்காமல், ஒரு முறை வாசித்து மூடிவைத்து, நினைவில் இருப்பதை வெற்றுத் தாளில் எழுதிப் பாருங்கள். ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்கள்தான் முந்தினார்கள், ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது மூடிவைத்து நினைவுகூர்ந்தவர்கள் முந்திவிட்டார்கள். தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே!

காபி குடிப்பவர்கள் மதியத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உடம்பில் காஃபீன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும்.

நண்பர்கள் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவ்வளவு கூட்டமுள்ள ஊரில் தனிமை வரும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை, வரும்போது தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்கிறார்கள். முதல் வாரத்தில் ஐம்பது பேர் எண்ணை வாங்குவீர்கள், ஒரு மாதம் கழித்து அதில் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாது. கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்ட ஆய்வுப்படி, அறிமுகம் சாதாரண நட்பாக மாறவே சுமார் 50 மணி நேரம் சேர்ந்து இருக்க வேண்டும், நெருங்கிய நட்புக்கு 200 மணி நேரத்துக்கு மேல். வாரம் இரண்டு மணி நேரம் சந்தித்தால் முதல் 50-ஐத் தொடவே 25 வாரம். ஆக, மூன்றாவது வாரத்தில் இன்னும் யாரும் நெருங்கவில்லை என்றால் எந்தத் தவறும் இல்லை, நேரம் இன்னும் சேரவில்லை, அவ்வளவுதான். பத்து மன்றங்களில் பெயர் கொடுப்பதை விட்டு, ஒன்றே ஒன்றைப் பிடித்து வாராவாரம் போங்கள், முடிந்ததும் உடனே கிளம்பாமல் நாற்காலி அடுக்கிவைக்கக் கூட நில்லுங்கள். எனக்கு இன்றைக்கும் இருக்கும் இரண்டு நண்பர்கள் அப்படி நாற்காலி தூக்கும்போது கிடைத்தவர்கள்.

பணத்தை மாதக் கணக்கில் பார்க்காதீர்கள், வாடகை போக மீதியை வாரவாரியாகப் பிரித்து, அந்த வாரப் பங்கை மட்டும் செலவுக் கணக்குக்கு மாற்றுங்கள். தீர்ந்தால் அடுத்த திங்கட்கிழமை வரைதான் பொறுக்க வேண்டியிருக்கும்.

கடைசியாக ஒன்று. உடம்பும் மனமும் நன்றாக இருக்கும் நாளிலேயே, வளாக மருத்துவர் எங்கே உட்காருகிறார், மனநல ஆலோசகரைப் பார்க்க எப்படிப் பதிவு செய்வது, இரவில் அவசரம் என்றால் எந்த எண் என்று மூன்றையும் கேட்டு, கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். காய்ச்சலோ அழுகையோ வந்த இரவில் அதையெல்லாம் தேடத் தெம்பு இருக்காது. அறைத்தோழருக்கும் அந்தத் தாளைக் காட்டிவையுங்கள்.