மழைநீர்க் குழி உயிர் பெற்றது

சென்னை தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் எங்கள் வீடு. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, வானம் இருண்டாலே எங்கள் தெருவுக்கு வயிறு கலங்கும். போன ஐப்பசியில் ஒரு மணி நேர மழைக்கே சேகரிப்புக் குழி நிரம்பி, தண்ணீர் வாசற்படி ஏறிவிட்டது.

மூடியைத் திறந்தேன். 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிச் சட்டம் வந்தபோது அப்பா வெட்டிய குழி. அவருக்குப் பிறகு யாரும் தொடவில்லை. மொட்டைமாடித் தூசியும் வேப்பஞ்சருகும் படிந்து மணல் களிமண்ணாக இறுகியிருந்தது. முழுவதையும் வழித்தெடுத்து, ஜல்லியை அலசிப் போட்டு, மேலே நைலான் வலை விரித்துப் புது மணல் கொட்டினேன். வலை முக்கியம், இல்லையென்றால் மணல் இறங்கி ஜல்லி இடுக்கை அடைத்துவிடும். மாடிக் குழாய் வாயில் ஒரு சல்லடை.

அடுத்த மழையில் இருபதே நிமிடத்தில் தண்ணீர் இறங்கியது. ஞாயிறன்று பக்கத்து வீட்டு அக்கா தம் வீட்டுக் குழியைத் திறக்கிறார்; கடப்பாரையோடு போகிறேன்.