கஷாயமும் ஃபுளூவும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் வீட்டுக்கு ஒருவர் இருமுகிறார். ராசப்ப செட்டித் தெருவின் நாட்டு மருந்துக் கடைகளில் நிலவேம்புக் குடிநீர்ச் சூரணம் கேட்டு வருகிறார்கள். தாராளமாக வாங்கலாம். எதை எதிர்பார்த்து வாங்குகிறோம் என்பதில்தான் கோளாறு.

நிலவேம்புச் சாறு ஃபுளூவைக் கொண்டுவரும் இன்ஃபுளுயன்ஸா வைரஸைத் தடுத்தது என்று எங்கோ படித்துவிட்டு, மருத்துவரிடம் போகாமல் கஷாயத்தோடு நிறுத்திக்கொள்வது பெரிய தவறு. அத்தகைய சோதனைகளில் பல, ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் நடப்பவை. பெரும்பாலும் நாயின் சிறுநீரகச் செல்கள். செல்லின் மேல் நேராக ஊற்றும் அளவு, குடித்த பிறகு நம் ரத்தத்தில் சேருமா என்பதை அந்தச் சோதனை சொல்லாது. அங்கே சாற்றைப் பல நேரம் எத்தனால் என்னும் ஆல்கஹாலில் பிரித்தெடுக்கிறார்கள். நிலவேம்பின் கசப்புச் சத்தான ஆண்ட்ரோகிராஃபோலைடோ தண்ணீரில் எளிதில் கரையாது. போதாக்குறைக்குக் குடிநீர்ச் சூரணத்தின் 9 சரக்குகளில் நிலவேம்பும் ஒன்று, அவ்வளவுதான். சுக்கு, மிளகு, வெட்டிவேர், பற்படாகம் எல்லாம் கூடவே கொதிக்கின்றன.

அன்னாசிப்பூ விஷயம் இன்னும் வேடிக்கை. ஃபுளூவுக்குக் கொடுக்கும் ஒசெல்டாமிவிர் மருந்தைத் தயாரிக்க உதவும் ஷிகிமிக் அமிலம் அதிலிருந்து எடுக்கப்பட்டது உண்மை. அதற்காகப் பிரியாணிக்கு வாங்கிய பூவைக் கைப்பிடி அள்ளிக் கொதிக்க வைத்தால் மாத்திரை இறங்கி வராது. நடுவில் பல கட்ட வேதிவினைகள் உண்டு. பார்வைக்கு அதே போலிருக்கும் ஜப்பானிய அன்னாசிப்பூ நஞ்சு, வலிப்பைக் கொண்டுவரும். கைக்குழந்தைக்கு அன்னாசிப்பூ கொதித்த நீரைப் புகட்டவே கூடாது.

இவற்றையெல்லாம் விட எனக்குக் கவலை, நாள் கடத்துவதுதான். அறிகுறி தோன்றிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் ஒசெல்டாமிவிர் நன்றாக வேலை செய்யும். "மூன்று நாள் கஷாயம் குடித்துப் பார்ப்போம்" என்பவர் அந்த வாய்ப்பை அடுப்பங்கரையிலேயே தொலைத்துவிடுகிறார். கர்ப்பிணிகள், முதியவர்கள், சர்க்கரை நோயும் ஆஸ்துமாவும் உள்ளவர்கள் முதல் நாளே மருத்துவரைப் பார்க்கட்டும். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, பேச்சில் தடுமாற்றம் என்றால் நேராக ஸ்டான்லி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்ற நினைப்பும் வேண்டாம். கர்ப்பிணிகள் நிலவேம்பைத் தவிர்ப்பது நல்லது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கேட்காமல் குடிக்கக் கூடாது. அதிமதுரத்தை நாள்கணக்கில் குடித்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். மருத்துவர் கேட்டால் "ஏதோ கஷாயம்" என்று மழுப்பாமல், சரக்குகளின் பெயர் அச்சிட்ட பாக்கெட்டையே எடுத்துப் போய்க் காட்டுங்கள்.