களிமண் வயலில் குழி வெட்டி மண்ணைப் படிப்பது எப்படி

சித்திரை மாதம் ஒரு காலையில் அக்கா மகன் ஓஹையோவிலிருந்து வீடியோவில் கூப்பிட்டான். பௌலிங் கிரீன் என்ற ஊரில் புதிதாக வீடு வாங்கியிருக்கிறான். பின்பக்கம் மரக்கன்று வைக்கத் தோண்டினால் ஒன்றரை அடியிலேயே தண்ணீர் ஊறுகிறதாம். "சித்தி, நம்ம புவனகிரி மண்ணு மாதிரியே இருக்கு, பாருங்க" என்று ஒரு கட்டியைப் பிய்த்துக் காட்டினான். சாம்பல் நிறம், நடுநடுவே துருப் புள்ளி, விரலில் அப்பிக்கொண்டு போகவே மாட்டேன் என்கிற களி. பார்த்தால் நம்ம ஊர் மண்தான். ஆனால் அது பனிப்பாறை கொண்டுவந்த மண், நம்முடையது ஆறு கொண்டுவந்தது.

26 வருடம் மண் மாதிரி எடுக்கிற வேலையில் கடலூர் மாவட்டம் முழுக்கக் குழி வெட்டியவள் நான். "நீ அங்க ஒரு குழி வெட்டுடா, நான் இங்க ஒண்ணு வெட்டறேன், ரெண்டு பேரும் சேர்ந்து பாப்போம்" என்றேன். அந்த வாரம் நாங்கள் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். வடிகால் இல்லாத களிமண் யாரிடம் இருந்தாலும் இதே முறைதான்.

முதலில் இடம். வரப்போரம், மரத்தடி, வாய்க்கால் கரை, பழைய எருக்குழி, இந்த நான்கும் வேண்டாம். வயல் நடுவில் ஒன்று, தண்ணீர் கடைசியாக வற்றுகிற பள்ளத்தில் ஒன்று என்று இரண்டு குழி போட்டால் நல்லது. ஒன்றுதான் முடியும் என்றால் பள்ளத்தில் போடுங்கள். மூன்றடிக்கு மூன்றடி வாய், ஆழம் ஐந்தடி. மேல்மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை மறுபக்கமும் கொட்டுங்கள், மூடும்போது அதே வரிசையில் போக வேண்டும். ஈரக் களி சொல்லாமல் சரியும். அதனால் தனியாக இறங்காதீர்கள், பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். அமெரிக்காவில் தோண்டுகிறவர்கள் முதலில் 811 என்ற எண்ணுக்குப் போன் செய்து, மண்ணுக்கடியில் கேஸ் குழாய், மின்கம்பி போகிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அவனுக்கு முதல் வேலையாக அதைத்தான் சொன்னேன்.

எந்த மாதம் என்பதும் முக்கியம். நம் பக்கம் சம்பா அறுத்து, உளுந்தும் எடுத்தபிறகு, பங்குனி சித்திரையில் வெட்டினால் வெடிப்பைப் பார்க்கலாம். கார்த்திகையில் அதே இடத்தில் சின்னதாக ஒரு குழி போட்டால் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரியும். சித்திரையில் மேல் ஓரடிக்குக் கடப்பாரை இல்லாமல் ஆகாது. அதற்குக் கீழே மண்வெட்டி இறங்கும்.

குழி வெட்டி முடித்ததும் சுவரைப் பார்க்காதீர்கள். மண்வெட்டி பட்ட முகம் பூசி மெழுகின மாதிரி இருக்கும், அது பொய் முகம். வெயில் படுகிற பக்கத்துச் சுவரில் கத்தி முனையை இரண்டு அங்குலம் செருகி நெம்புங்கள். கட்டி தானாக எங்கே பிரிகிறதோ அந்த முகம்தான் மண்ணின் சொந்த முகம். மேலிருந்து கீழ்வரை இப்படி ஒரு முழ அகலத்துக்குக் கொத்திவிட்டால், அடுக்கு அடுக்காக நிறம் மாறுவது கண்ணில் படும்.

இனி நிறம். நான் அதிக நேரம் செலவழிப்பது இங்கேதான், நீங்களும் அவசரப்படாதீர்கள். கட்டியை லேசாகத் தண்ணீர் தெளித்து நனைத்து, வெயிலில் பிடித்துப் பாருங்கள். மண் ஆய்வுக்காரர்கள் மன்செல் நிற அட்டையோடு ஒப்பிடுவார்கள். 10 ஒய்.ஆர். 3/1 என்று எழுதினால் முதல் பகுதி நிறக் குடும்பம், 3 என்பது வெளுப்பு, 1 என்பது நிறத்தின் அழுத்தம். அந்தக் கடைசி எண் 2 அல்லது அதற்குக் கீழே இருந்தால் மண் சாம்பலாக இருக்கிறது என்று அர்த்தம். அட்டை விலை அதிகம். சாம்பலும் துருவும் பிரித்தறியத் தெரிந்தால் போதும், அட்டை இல்லாமலே பாதி வேலை முடியும்.

மண்ணுக்கு மஞ்சளும் சிவப்பும் கொடுப்பது இரும்பு. தண்ணீர் நின்று காற்று போகாத மண்ணில் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாக அந்த இரும்பை வைத்துப் பிழைக்கின்றன. அப்போது இரும்பு கரையக்கூடிய வடிவத்துக்கு மாறித் தண்ணீரோடு நகர்ந்துவிடும். அது போன இடம் வெளிறிச் சாம்பலாகும், நீலச்சாம்பல்கூட ஆகும். காற்று எட்டுகிற இடத்தில், அதாவது வெடிப்பிலும் பழைய வேர்த் துளையிலும், அதே இரும்பு மறுபடி துருப்பிடித்துப் படியும். நெல் பிடுங்கிப் பாருங்கள். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர்மேல் செம்பட்டையாக ஒரு பூச்சு இருக்கும். நெற்பயிர் தண்டு வழியாகக் காற்றை வேருக்கு இறக்குவதால் வேரைச் சுற்றித் துரு படிகிறது. நான் கத்தியால் பிளந்த ஒரு கட்டியில், அழிந்துபோன வேரின் துளை பென்சில் முனை அளவுக்கு இருந்தது. உள்சுவர் முழுக்க ஆரஞ்சு, அதைச் சுற்றிச் சாம்பல் வளையம். வேர் மக்கிப் போயிருந்தாலும் அதன் துருக்குழல் அப்படியே இருந்தது.

சாம்பலும் துருவும் சேர்ந்து இரண்டடிக்குள் இருந்தால், அந்த ஆழம்வரை வருடத்தில் கணிசமான நாள் தண்ணீர் நின்றிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: கறுப்புக் களியில் நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள். அதன் கறுப்பு, களியோடு ஒட்டிக்கொண்ட மக்கிலிருந்து வருவது. நன்றாக வடிகிற கரிசல்கூட அட்டையில் 1 என்றுதான் வரும். அதனால் கறுப்பு மண்ணில் துருப்புள்ளி தேடுங்கள், அது இல்லாவிட்டால் நீர் தேங்கியது என்று முடிவு கட்டாதீர்கள்.

அடுத்தது கைப்பதம். எலுமிச்சை அளவு மண்ணை நனைத்துச் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நாடாவாகத் தள்ளுங்கள். ஓரங்குலம் வருவதற்குள் அறுந்தால் களி குறைவு. இரண்டு அங்குலம் தாண்டியும் தொங்கினால் 40 சதவீதத்துக்கு மேல் களி இருக்கும். களி என்பது 0.002 மில்லிமீட்டருக்கும் சிறிய துகள், கண்ணுக்குத் தெரியாது. என் மண் இரண்டரை அங்குலம் தொங்கியது, அவனுடையது இரண்டே கால். இதுவரை இரண்டும் ஒன்றுதான்.

அப்புறம்தான் பிரிந்தன.

அவன் குழியில் கல் கிடைத்தது. ஒரு கைப்பிடி அளவுக் கல், ஒரு பக்கம் மழுங்கி, அதன்மேல் ஒரே திசையில் கீறல்கள். பக்கத்திலேயே பட்டாணி அளவுக் கல், மணல், களி எல்லாம் கலந்து கிடந்தன. ஓடும் தண்ணீர் இப்படிக் கலந்து போடாது. கனமானதை முதலில் இறக்கிவிட்டு, லேசானதைத் தூரம் கொண்டுபோகும். கல்லையும் களியையும் ஒன்றாக அரைத்து, ஒன்றாகக் கொட்டிவிட்டுப் போவது பனிப்பாறை. 10,000 ஆண்டுகளுக்கும் முன்னால் அந்தப் பகுதி முழுக்கப் பனித்தகட்டுக்கு அடியில் இருந்தது. பனி உருகிப் பின்வாங்கியதும் ஏரி நின்றது. ஏரி அலை தட்டித் தட்டிச் சமதளமாக்கிய நிலம் பெரிய சதுப்புக் காடானது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மண்குழாய்களைப் பூமிக்கடியில் பதித்து அந்தச் சதுப்பை வடித்துத்தான் விளைநிலம் ஆக்கினார்கள்.

புவனகிரியில் ஐந்தடி வெட்டியும் எனக்கு ஒரு கூழாங்கல்கூடக் கிடைக்கவில்லை. நான்கடியில் கொட்டைப்பாக்கு அளவுச் சுக்கான் கல் கிடைத்தது. அது வெளியிலிருந்து வந்த கல் இல்லை, மண்ணிலேயே சுண்ணாம்பு திரண்டது. நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் பொங்கும்.

என் குழியில் இன்னொன்றும் இருந்தது. இரண்டரை அடியில் ஒரு கட்டியை நெம்பியதும், சாய்வாக ஒரு முகம் பளபளவென்று வந்தது. மெழுகு தேய்த்த மாதிரி, அதில் மெல்லிய வரிகள். களி மழையில் ஊதி, வெயிலில் சுருங்கும்போது ஒரு பாளம் இன்னொரு பாளத்தின்மேல் அழுந்திச் சறுக்கிய தடம் அது. வெடிப்பில் சைக்கிள் ஸ்போக்கை விட்டுப் பார்த்தேன், ஏறக்குறைய ஓரடி, முழுசாக உள்ளே போய்விட்டது. ஓஹையோ மண்ணில் அதிகம் இருப்பது இல்லைட் என்ற களிக்கனிமம். அது இவ்வளவு ஊதாது. நம் கறுப்புக் களியில் இருக்கும் ஸ்மெக்டைட் நன்றாக ஊதும்.

இப்போது பெயர் வைக்கலாம். அமெரிக்க மண் வகைப்பாட்டுப் பெயரைப் பின்னாலிருந்து பிரித்துப் படிக்க வேண்டும். அவன் ஊர்ப் பக்கத்து மண்ணுக்குப் பெயர் ஹாய்ட்வில். அதன் வகை மாலிக் எபியாக்குவால்ஃப். கடைசியில் உள்ள 'ஆல்ஃப்' என்றால் மேலிருந்து களி இறங்கி அடியில் சேர்ந்த, சத்துள்ள மண். 'அக்கு' என்றால் நீர். 'எபி' என்றால் தண்ணீர் மேலடுக்கில் மாட்டி நிற்கிறது. 'மாலிக்' மக்கு நிறைந்த கறுப்பு மேல்மண்ணைச் சொல்வது. நம் பக்கம் சிதம்பரம் வட்டார வேளாண் ஆய்வுகளில் கொண்டல் என்ற மண் தொடர் (ஒரே மாதிரி மண்களுக்கு வைக்கிற பொதுப் பெயர்) வரும். அதன் வகை டிபிக் ஹாப்லஸ்டெர்ட். 'எர்ட்' என்றால் ஊதி வெடிக்கிற மண், 'உஸ்ட்' என்றால் வருடத்தில் ஒரு பகுதி காய்கிற மண். வெடிப்பு விழும் பழக்கம், சறுக்கு முகம், 30 சதவீதத்துக்குக் குறையாத களி, மூன்றும் இருந்தால்தான் 'எர்ட்'. அதே வயலின் பள்ளத்தில் ஒன்றரை அடிக்குள் சாம்பலும் துருவும் நிறைந்திருந்தால் 'உஸ்ட்' போய் 'அக்கு' வந்துவிடும். என் வயலில் மேட்டுக்கு ஒரு பெயர், பள்ளத்துக்கு வேறு பெயர்தான் வைக்க வேண்டியிருந்தது.

பெயரால் என்ன பிரயோஜனம் என்று அவன் கேட்டான். என் அப்பா சம்பந்தப்பட்ட ஒன்றைச் சொன்னேன். களிமண் என்றாலே ஜிப்சம் போட வேண்டும் என்று ஒரு கடையில் சொல்ல, அவர் கடன் வாங்கி மூட்டை மூட்டையாகக் கொட்டினார். மண் துளிகூட இளகவில்லை. சோடியம் ஏறிய களர் மண்ணில்தான் ஜிப்சம் வேலை செய்யும். அதை வீட்டிலேயே பார்க்கலாம். உலர்ந்த மண்கட்டி ஒன்றை, பட்டாணி அளவு, கண்ணாடி டம்ளரில் மழைத்தண்ணீர் ஊற்றி மெதுவாக விடுங்கள். ஆட்டாதீர்கள். இரண்டு மணி நேரத்தில் கட்டியைச் சுற்றிப் பால் மாதிரி கலங்கினால் சோடியம் இருக்கிறது, மண் பரிசோதனைக்குக் கொடுங்கள். கட்டி உடைந்து குவியலாகி, தண்ணீர் தெளிவாகவே நின்றால் ஜிப்சத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். அப்பாவின் வயல் மண்ணை நான் பின்னால் இப்படி விட்டுப் பார்த்தேன், தண்ணீர் தெளிவாகவே நின்றது.

அந்த மண்ணுக்கு வேண்டியது மருந்து இல்லை, வடிகால். நடவுக்காகத் தண்ணீர் கட்டிச் சேறடிக்கிற சேடை ஓட்டி ஓட்டி முக்கால் அடியில் ஒரு கெட்டித் தட்டு விழுந்திருக்கும். மேலே முழங்கால் சேறு இருக்கும்போதே அதற்கடியில் மண் ஈரமில்லாமல் இருந்ததை நான் கார்த்திகையில் பார்த்திருக்கிறேன். அதனால் ஆழத்தில் குழாய் பதிப்பதைவிட, வயலைச் சமப்படுத்தி மேல்நீரை வெளியேற்றுகிற ஓடை எடுப்பது நம் வயலுக்குப் பொருந்தும். ஈரமாக இருக்கும்போது டிராக்டர் இறக்கவே இறக்காதீர்கள். உளுந்து போடுகிற வயலில் மட்டும் நெல் அறுப்புக்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை வடித்துவிடுங்கள், தேங்கின தண்ணீரை உளுந்து தாங்காது.

பள்ளத்து மூலையில் நான் நீர்மருதும் நாவலும் வைத்தேன். தண்ணீர் நிற்கிற களியில் அவை தாக்குப்பிடிக்கும். அவன் சதுப்பு வெள்ளை ஓக் என்ற அந்த ஊர் மரத்தை வைத்திருக்கிறான். குழியில் வைக்காமல், ஓரடி மேடு போட்டு அதன்மேல். கன்று இலை விட்ட அன்று போட்டோ அனுப்பினான். மேட்டைச் சுற்றி இன்னும் தண்ணீர் நின்றது.